செனோட்டேயில் இறங்கும் முன், அந்தப் படிவத்தை வீட்டிலேயே நிரப்புங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் "மெக்சிகோ போறோம் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வருபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தொட்ட தம்பதிகள், கூடவே வேலைக்குப் போகும் பிள்ளைகள். யுகட்டான் தீபகற்பத்துச் செனோட்டேகளில் நீந்தும் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியிருப்பார்கள். என்ன ஊசி போட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. ஹெப்படைட்டிஸ் ஏ, டைபாய்டு பற்றிப் பேச ஐந்து நிமிடம் போதும். நீர் விளிம்பில் நின்று அவர்கள் கையெழுத்துப் போடப்போகும் உடல்நலப் படிவத்தைப் பற்றிப் பேசத்தான் எனக்கு அரை மணி நேரம் வேண்டும்.

செனோட்டே என்பது சுண்ணாம்புப் பாறை கரைந்து, கூரை இடிந்து விழுந்ததால் உருவான இயற்கைக் குழி. நம் பத்துமலைக் குகையின் அடித்தளம் முழுக்கத் தெளிந்த நீர் நிறைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு பிடிபடும். அங்கே இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த சிக்சுலுப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி பல ஒரு வளையமாகவே அமைந்திருக்கின்றன. சிலவற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருக்கும். 2018இல் சாக் அக்துன், டோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு நீரடிக் குகை அமைப்புகள் ஒன்றோடொன்று இணைந்தவை என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அளந்தபடி இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 347 கிலோமீட்டர் நீளம். ஆசைப்பட்டுப் போக வேண்டிய இடம்தான். யாரையும் நான் தடுப்பதில்லை.

வழிகாட்டியோடு போவது நல்லது. எந்தப் படி வழுக்கும், எங்கே ஆழம், எந்தப் பக்கம் நீரடிக் குகை தொடங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உயிர்காப்பு அங்கியைக் கட்டாயமாக்கும் இடங்கள் பல. நீச்சல் தெரியாதவர்கள் அதைப் பெரிய உபகாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் உப்பு நம்மைத் தூக்கிக் கொடுக்கும், நன்னீரில் அந்த உதவி குறைவு. ஆனால் வழிகாட்டிக்கு உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் இருக்கும் ஒரே வழி அந்தத் தாள்.

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுக்குப்பியோடு, முக்குளிப்பதாக இருந்தால் பொதுவாகத் தரப்படும் மருத்துவப் படிவத்தில் 10 கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் நேரே தண்ணீருக்குப் போகலாம். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் துணைக் கேள்விகள் வரும். அவற்றிலும் 'ஆம்' வந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். யுகட்டான் பக்கத்துச் சுற்றுலா ஊரான துலூமில் காலை எட்டு மணிக்கு, வேன் காத்திருக்க, எந்த மருத்துவரைப் போய்த் தேடுவது? கட்டிய காசு போய்விடுமே என்று எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள். ஒரு அண்ணன் என்னிடம் இயல்பாகவே சொன்னார்: "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி டாக்டர்." அவர் இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) இரண்டு மாத்திரையும் ரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் சாப்பிடுகிறவர்.

இனிப்பு நீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீடுகளின் நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. தரையில் சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், உடனே ஒரு மிட்டாய் வாயில் போட்டுக்கொள்வோம். தண்ணீருக்குள் வியர்வை தெரியாது. நீரின் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி இருப்பதால், நேரம் போகப் போக நடுக்கத்தைக் குளிர் என்றே வழிகாட்டி எண்ணுவார். நீங்களும் அப்படித்தான் எண்ணுவீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நடுக்கமும் படபடப்பும்கூடச் சரியாகத் தெரியாமல் போகலாம்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படித் தாழ்வது அரிது. கிளிக்ளசைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும்தான் கவனிக்க வேண்டியவை. இவற்றை எடுப்பவர்கள் முக்குளிக்கும் முன் ரத்தச் சர்க்கரை 8.3 mmol/Lக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று முக்குளிப்பு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு மணி நேரம் முன்பு, அரை மணி முன்பு, இறங்குவதற்குச் சற்று முன்பு என மூன்று முறை பார்க்க வேண்டும். அளவு இறங்குமுகமாக இருக்கக் கூடாது. அதே வழிகாட்டுதல், தலைக்கு மேல் பாறைக் கூரை உள்ள இடங்களில் இவர்கள் முக்குளிப்பதைத் தவிர்க்கவும் சொல்கிறது. திறந்த கடலில் மயக்கம் வருவதுபோல் இருந்தால் மேலே வந்துவிடலாம். செனோட்டேயின் குகைப் பகுதியில் முதலில் பக்கவாட்டில் நீந்தி வெளிச்சத்துக்கு வர வேண்டும், பிறகுதான் மேலே. ஆகவே இன்சுலின் போடுகிறவர்களுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. திறந்த குழியில் அங்கியோடு மிதந்து, முகக்கண்ணாடி வழியாகப் பாருங்கள் என்கிறேன். நீரின் தெளிவுக்கு அதுவே கொள்ளை அழகு. குளுக்கோஸ் ஜெல் ஒன்றை வழிகாட்டியிடமே கொடுத்து வையுங்கள். இன்சுலின் பேனாவை வெயிலில் நிற்கும் வேனில் விடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு அந்தப் பாறையில் நடக்கவே கூடாது. ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, கரையேறியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

படிவத்தில் இன்னொரு கேள்வி 45 வயதைத் தாண்டியவர்களுக்கு. புகைப்பழக்கம், அதிகக் கொழுப்பு, ரத்த அழுத்தம் உண்டா, நெருங்கிய ரத்த உறவில் யாராவது ஐம்பதுக்குள் திடீரென இறந்தார்களா, இதயநோய் வந்ததா என்று கேட்கும். நம்மில் எத்தனை பேர் அதற்கு 'இல்லை' போட முடியும்? தண்ணீரில் கழுத்துவரை மூழ்கினாலே கால்களின் ரத்தம் நெஞ்சை நோக்கித் தள்ளப்படும், இதயத்துக்கு வேலை கூடும். பிறகு ஈரமான நெடும்படிகளில் ஏறியும் வர வேண்டும். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே வந்து ஈசிஜி, தேவைப்பட்டால் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்துகொள்ளட்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் முக்குளிப்பதற்கு முன் நுரையீரல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் சிக்கிய காற்று மேலே வரும்போது விரிந்து திசுவைக் கிழிக்கக்கூடும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு முக்குளிக்க வேண்டாம், காது தாங்காது.

குதிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து மீட்டர் மேடையிலிருந்து குதித்தால் மணிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுவீர்கள். மாதவிடாய் நின்ற அக்காமார்களும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் முதுகெலும்பை மனதில் வைத்துப் படி வழியாகவே இறங்குங்கள்.

இறங்கும் முன் குளிக்கச் சொல்வார்கள். தலையில் தேங்காய் எண்ணெய், உடம்பில் சன்ஸ்கிரீன், கொசு மருந்து எதுவும் இருக்கக் கூடாது. முகம் சுளிக்காமல் செய்யுங்கள். அந்தத் தீபகற்பத்தின் வடபகுதியில் நிலத்தின் மேல் ஆறுகள் இல்லை என்றே சொல்லலாம். ஊர் குடிக்கும் தண்ணீர் அந்த நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போதும்.

கடைசி முக்குளிப்பையும் விமானத்தையும் ஒட்டி வைக்காதீர்கள். பல முறை முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். குகையில் வௌவால் கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அங்குள்ள மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி போட வேண்டும். கோலாலம்பூர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், இங்கே எந்த கிளினிக்கிலும் முதலில் டிங்கிக்குத்தான் ரத்தம் எடுப்பார்கள். எடுக்கட்டும், சரிதான். ஆனால் வௌவால் எச்சம் படிந்த குகையில் வரும் பூஞ்சைத் தொற்றான ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் 3 முதல் 17 நாளில் தலைகாட்டும். எலிச் சிறுநீர் கலந்த நன்னீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் ஒரு மாதம்வரைகூட எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டுமானால், மெக்சிகோவில் குகைக்குள் போனதையும் நன்னீரில் நீந்தியதையும் எந்தத் தேதியில் என்பதோடு உட்கார்ந்ததுமே சொல்லுங்கள்.