மேசன் சொல்லும் ‘ஓம்’ போதாது

கட்டட வேலையில் விபத்து நடந்தாலும், கட்டியதை உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டி வந்தாலும், பழி முதலில் வேலையாளின் கவனக்குறைவில்தான் விழும். ஆற அமர விசாரித்தால், பல இடங்களில் அவர் காதில் விழுந்ததைச் சரியாகவே செய்திருப்பார். விழுந்ததுதான் பாதி.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சன்சேட்டையே எடுங்கள். சுவரிலிருந்து வெளியே நீளும் தட்டில் இழுவை மேற்புறத்தில் வரும். அதனால் முக்கிய கம்பி மேலே இருக்க வேண்டும். சாதாரண பிளாற்றின் (சுவர்களின் மேல் கிடக்கும் கொங்கிறீற் தட்டின்) நடுப்பகுதியிலோ அது கீழே. பிளாற் கட்டிப் பழகியவரிடம் “கம்பியைக் கட்டிவிடுங்கோ” என்று மட்டும் சொன்னால் கை கீழேதான் கட்டும். மேலே கட்டினாலும் ஆபத்து தீராது. கொங்கிறீற் போட வருகிறவர்களுக்கு எவரும் சொல்லாவிட்டால், அவர்கள் அதை மிதித்து நடப்பார்கள், கம்பி அமிழ்ந்துவிடும். 4 அங்குலத் தட்டில் கம்பி ஓர் அங்குலம் இறங்கினாலே தாங்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தட்டைத் தாங்கிநிற்கும் முட்டுக் கழற்றும்போது அடியில் நிற்பவருக்குத்தான் அது உயிராபத்து.

ஆகவே காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “வெடிப்பு மேலேதான் வரும், அதனால் கம்பி மேலே. கம்பியைத் தாங்கச் செயர் வைத்து நிறுத்துங்கோ, பலகை போட்டு நடவுங்கோ.” காரணம் தெரிந்தவர் நீங்கள் இல்லாத நேரத்திலும் பிழையைப் பிடிப்பார்.

அளவில்லாத சொற்கள் இன்னொரு தொல்லை. 50 கிலோ சீமெந்துப் பைக்கு 25 லீற்றர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சீமெந்து எடை விகிதம் 0.5. “கொஞ்சம் இளக்கமா விடு” என்ற குரலுக்கு ஒரு 10 லீற்றர் வாளி கூடினால் அது 0.7, கொங்கிறீற்றின் வலிமை வெகுவாக விழும். வாளியில் கோடு போடுங்கள். மழையில் நனைந்த மணலுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்பவர் ஒருவராகவே இருக்கட்டும். வரைபடம் மில்லிமீற்றரில், பேச்சு அங்குலத்தில் என்பதும் நம் இடத்து நிலைமை. “ஆறு” என்றால் 6 மில்லிமீற்றர் றிங்கா (முக்கிய கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), 6 அங்குல இடைவெளியா? அலகில்லாமல் எண் சொல்லவே கூடாது.

1981 இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹோட்டல் நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். ஒரே நீளக் கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகள் என்று செய்த மாற்றம் மேல் இணைப்பின் சுமையை இரட்டிப்பாக்கியது. அதைத் திரும்பக் கணித்துப் பார்க்காமலேயே கட்டிவிட்டார்கள். தொலைபேசியில் சொல்லும் மாற்றத்தை நாம் வரைபடத்தில் எழுதிக் கையொப்பம் இடவேண்டியது இதனால்தான்.

“விளங்கினதோ?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும். விளங்கவில்லை என்று சொல்ல ஆருக்கும் கூச்சம். நாட்கூலிக்காரருக்கு நாளைய வேலை பற்றிய பயமும் உண்டு. “அண்ணை, நான் ஏதும் விட்டிட்டேனோ தெரியாது, என்ன செய்யப்போறீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். சிங்களம் பேசும் குழுவென்றால் ஒரு றிங்கைக் கட்டிக் காட்டி, அவர்கள் ஒன்றைக் கட்டுவதைப் பார்த்த பிறகு நகருங்கள்.

மிக்சர் இரைச்சலில் “இறக்காதே” என்பது “இறக்கு” என்று கேட்கலாம். தடுக்க “நில்” ஒன்றே போதும், கூடவே உயர்த்திய கை.

கொங்கிறீற் போட்ட திகதியையும், முட்டுகளை எடுக்கப் பொறியியலாளர் குறித்த திகதியையும் முட்டிலேயே எழுதிவிடுங்கள். சன்சேட்டில் வெளிநுனி முட்டு முதலில், சுவரோரம் கடைசியில். சாதாரண பிளாற்றில் நடுவிலிருந்து இரு பக்கமும். எடுப்பவரிடம் இந்த ஒழுங்கையும் சொல்லவைத்துக் கேட்ட பிறகே கம்பிப்பாரையைக் கொடுங்கள்.