ஹியூஸ் எந்தக் கட்சியின் மாநிலச் செயலாளர்?

போன வாரம் ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் கேட்டது: "நியூயார்க் ஆளுநராக இருந்த வழக்கறிஞர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், 1921இல் மாநிலச் செயலாளர் ஆனார்." இதே பிழையை எத்தனை தடவைதான் கேட்பது? நம் ஊரில் மாநிலச் செயலாளர் என்றால் கட்சிப் பதவி. மறியலுக்குத் தலைமை தாங்கி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, சாயங்காலம் விடுதலையாகி வருபவர். ஹியூஸ் வகித்தது அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர் பதவி.

மூலச்சொல் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்'. செக்ரட்டரி லத்தீன் வழி வந்தது. ரகசியம் காப்பவர் என்று பொருள். ஸ்டேட் இங்கே மாநிலம் அல்ல, அரசு. 1789 ஜூலையில் வெளியுறவுத் துறை என்ற பெயரில்தான் இந்தப் பதவிக்குரிய துறையைத் தொடங்கினார்கள். அரசு முத்திரையைக் காப்பது, சட்டங்களை வெளியிடுவது போன்ற உள்நாட்டு வேலைகளையும் அதன் தலையில் கட்டியதால் செப்டம்பரிலேயே பெயர் 'டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்' என்று மாறியது. சொல்லின் கதை அவ்வளவுதான்.

'அரசுச் செயலாளர்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது கோட்டையில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும் ஐஏஎஸ் அதிகாரி. இலங்கைப் பத்திரிகைகளின் 'இராஜாங்கச் செயலாளர்' மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் அங்கேயே இராஜாங்க அமைச்சர் என்றால் அமைச்சரவைக்கு வெளியே இருக்கும் இளைய அமைச்சர். எனக்கு அதிக எரிச்சல் 'வெளியுறவுச் செயலாளர்' மீதுதான், பாதி சரியாக இருப்பதால். டெல்லியில் வெளியுறவுச் செயலாளர் ஓர் அதிகாரி; அவருக்கு மேலே அமைச்சர் இருக்கிறார். ஹியூஸுக்கு மேலே இருந்தது குடியரசுத் தலைவர் மட்டும்தான். 1921 நவம்பர் 12 அன்று, கடற்படைகளைக் குறைப்பதற்காகக் கூடிய வாஷிங்டன் மாநாட்டின் தொடக்க உரையிலேயே, அமெரிக்கா 30 போர்க்கப்பல்களைக் கழித்துக்கட்டத் தயார் என்றார் அவர். அதோடு நிறுத்தாமல், பிரிட்டனும் ஜப்பானும் எந்தெந்தக் கப்பலைக் கைவிட வேண்டும் என்று பெயர் சொல்லிப் பட்டியல் வாசித்தார். எந்தச் செயலாளர் இப்படிப் பேசுவார்? 1923 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் இறந்து, துணைத் தலைவர் கூலிட்ஜ் அந்தப் பதவியை ஏற்றபோது துணைத் தலைவர் நாற்காலி காலி. அன்றைய சட்டப்படி அடுத்த வாரிசு ஹியூஸ்தான், 1925 மார்ச் வரை.

அமெரிக்காவில் இந்தப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே கூடாது, அப்புறம் எப்படி 'அமைச்சர்' என்பது என்று ஒரு நண்பர் மல்லுக்கு நின்றார். வள்ளுவர் 'அமைச்சு' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்; அந்த அமைச்சர் எந்தத் தொகுதியில் நின்று ஜெயித்தார்? ஆள்பவனுக்கு அருகிருந்து ஆலோசனை சொல்லிக் காரியம் முடிப்பவர் அமைச்சர். தேர்தல் அந்தச் சொல்லுக்குள் நேற்று நுழைந்தது. அமைச்சர் என்ற சொல் வடமொழி 'அமாத்ய'விலிருந்து வந்ததா, 'அமை' என்ற வேரிலிருந்தா என்ற சண்டை தனி. எது வென்றாலும் இங்கே பொருள் கெடாது.

லண்டனில் இருந்துகொண்டு இந்தியாவை நிர்வகித்தவரின் பதவியும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்தான். அந்தப் பதவியில் இருந்த மாண்டேகுவை நம் பழைய பத்திரிகைக்காரர்கள் 'இந்தியா மந்திரி' என்று எழுதினார்கள். அகராதியைப் புரட்டாமல் ஆள் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்திருக்கிறார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் பார்க்கிறார். இப்போதெல்லாம் இயந்திரம் பார்க்கிறது, அவர் அதையும் பார்ப்பதில்லை.

சரி, 'மாநிலச் செயலாளர்' எங்குமே பொருந்தாதா? பொருந்தும். நியூயார்க் மாநிலத்துக்கென்று தனியாக ஒரு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் உண்டு. மாநில ஆவணங்கள், கம்பெனிப் பதிவு அவர் பொறுப்பு. 1906 தேர்தலில் ஹியூஸ் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டை வென்று ஆளுநரானார். ஆனால் மாநிலம் முழுவதற்குமான மற்ற பதவிகளில் அவருடைய குடியரசுக் கட்சி தோற்றது. ஹியூஸ் ஆளுநராக இருந்த முதல் இரண்டு வருடமும் மாநிலச் செயலாளர் எதிரணிக்காரர்.