அடி வாங்கிய குழந்தையின் உடல் எப்படி அடங்குகிறது?

"நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அடி வாங்கிய எல்லோரும் கெட்டுப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அடி, உடலுக்குள் ஒரு வேலை பார்த்துவிட்டுத்தான் போகிறது.

பயந்ததும் மூளை கட்டளையிட, அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கும். இது பள்ளிப் பாடம். என்னை வியக்க வைப்பது அதற்கு அப்புறம் நடப்பது. அந்தக் கார்டிசாலே மூளைக்குத் திரும்பி, அங்கே ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் உள்ள ஏற்பிகளில் (ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்களில்) ஒட்டிக்கொண்டு, 'போதும், நிறுத்து' என்று தெரிவிக்கிறது. ஏற்பிகள் நிறைய இருந்தால் உடல் சீக்கிரம் அடங்கும். குறைவாக இருந்தால் படபடப்பு நீளும்.

அந்த ஏற்பிகள் எத்தனை இருக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளைக் கவனித்தார்கள். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொடுக்கும். சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு எளிதில் மிரள்வதில்லை. பரம்பரைக் குணமோ? பிறந்ததும் குட்டிகளை மாற்றி வைத்தார்கள். கண்டுகொள்ளாத தாய்க்குப் பிறந்த குட்டி, நக்கிக்கொடுக்கும் தாயிடம் வளர்ந்தபோது அதுவும் நிதானமாகவே இருந்தது! 2004இல் காரணமும் வெளிவந்தது. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளில், அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் மேல் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகள் கூடுதலாக ஒட்டியிருந்தன. டி.என்.ஏ. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மரபணுவின் வேலை மட்டும் மட்டுப்பட்டிருந்தது.

சரி, எலி வேறு, மனிதக் குழந்தை வேறு. தாய் எலி அடிப்பதும் இல்லை. ஆனால் வளர்ப்பு உடலுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை இது காட்டுகிறது. குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவை அடித்துப் பார்க்க முடியாது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கத்தான் முடியும். அப்படி நடந்த 69 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் அடங்காமையும் காலப்போக்கில் கூடுகின்றன, குறைவதில்லை என்பதுதான் அதன் முடிவு. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறது என்ற சமாதானமும் முழுதாக எடுபடவில்லை. 'அடியாத மாடு படியாது' என்பதை இனியாவது விட்டுவிடலாம்.

அந்த 69இல் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. பள்ளியில் அடிப்பதை நம் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் விழும் அடியையும் பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும்.