தரவரிசைக்கு முன் பார்க்க வேண்டிய பின்னிணைப்பு

15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை அளக்கும் பிசா (PISA) என்ற பன்னாட்டுத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் எந்த நாடு ஏறியது, எந்த நாடு இறங்கியது என்பதே பேச்சாகிவிடுகிறது. கல்வி மதிப்பீட்டுத் தரவுகளை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட நான் அந்த அறிக்கைகளில் முதலில் புரட்டுவது, தேர்வெழுதிய மாணவர்கள் யாருடைய பிரதிநிதிகள் என்பதைச் சொல்லும் பின்னிணைப்பைத்தான். அதைப் பார்க்காமல் இரண்டு மதிப்பெண்களை அருகருகே வைப்பது எந்த நாட்டுக்கும் நியாயம் செய்வதாகாது.

சீனாவின் கணிதச் சராசரி 2015இல் 531 ஆகவும் 2018இல் 591 ஆகவும் இருந்தது. மூன்றே ஆண்டுகளில் 60 புள்ளிகள் உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் 2015இல் எழுதியவர்கள் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, குவாங்டோங் ஆகிய பகுதிகளின் மாணவர்கள். 2018இல் குவாங்டோங்குக்குப் பதிலாகச் செஜியாங் இடம்பெற்றது. இரண்டு வேறு கூட்டங்களின் சராசரிகளைக் கழித்து வரும் விடைக்கு முன்னேற்றம் என்று பெயரிட முடியாது; அந்த நான்கு பகுதிகளைச் சீனா முழுமைக்குமான அளவாகக் கொள்ளவும் முடியாது.

நமக்கு நெருக்கமான நிகழ்வும் இத்தகையதே. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக 2010இல் நடந்த தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. வாசிப்பில் தமிழ்நாடு 337 புள்ளிகளும் இமாச்சலம் 317 புள்ளிகளும் பெற்றன. அதே சுற்றில் ஷாங்காய் 556 பெற்றது. இரண்டு மாநிலங்களையும் ஒரு பெருநகரையும் வைத்து இந்தியாவையும் சீனாவையும் எடைபோட்டவர்கள் பலர். நம் வகுப்பறைகளைப் பற்றி அந்த எண்கள் சொன்ன கசப்பான செய்தி உண்மையானது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2022 சுற்று வரை இந்தியா மீண்டும் பங்கேற்காததால், அந்த ஒற்றைப் புள்ளியிலிருந்து ஏற்றத்தையோ இறக்கத்தையோ எவராலும் வரைய இயலாது.

இதைவிட நுட்பமான சிக்கல் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளால் வருகிறது. பிசா தேர்வு 15 வயதினர் அனைவருக்குமானது அன்று. அவர்களில் ஏழாம் வகுப்பிலோ அதற்கு மேலோ பயில்வோர் மட்டுமே அதற்கு உரியவர்கள். 2012இல் வியட்நாம் கணிதத்தில் 511 புள்ளிகள் பெற்று, 481 பெற்ற அமெரிக்காவை முந்தியது. அந்த 511, அந்நாட்டின் 15 வயதினரில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரை மட்டுமே பிரதிநிதித்துவப்படுத்தியது. எஞ்சியோரில் பெரும்பாலோர் படிப்பை விட்டவர்கள் அல்லது கீழ் வகுப்புகளில் தேங்கியவர்கள். வியட்நாம் ஆசிரியர்களின் உழைப்பை இது குறைத்துவிடாது, எனினும் அமெரிக்காவோடு செய்த ஒப்பீட்டின் பொருளை மாற்றிவிடுகிறது. துருக்கியின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே தேர்வு பிரதிநிதித்துவப்படுத்திய 15 வயதினரின் பங்கு 2003இல் ஏறத்தாழ 36 விழுக்காடாக இருந்து 2018இல் 73 விழுக்காடாக இரட்டித்தது. முன்பு பள்ளிக்கே வராத ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கிராமத்துப் பெண்பிள்ளைகளும் உள்ளே வரும்போது சராசரி சரியும் என்றே எதிர்பார்ப்போம். துருக்கியின் கணிதச் சராசரியோ 423இலிருந்து 454 ஆக உயர்ந்தது. உண்மையான சாதனை அந்த 31 புள்ளிகளைவிடப் பெரியது என்றே நான் கருதுகிறேன். தரவரிசையில் அது கண்ணில் படுவதே இல்லை.

ஆண்டுகளுக்கிடையேயான ஒப்பீட்டில் அளவுகோலையும் சந்தேகிக்க வேண்டும். சில வினாக்களை வெளியிடாமல் காத்து அடுத்தடுத்த சுற்றுகளில் மீண்டும் கேட்பதன் மூலமே பழைய அளவும் புதிய அளவும் இணைக்கப்படுகின்றன. அந்த இணைப்பிலும் பிழை உண்டு. பெரும்பாலான நாடுகள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிய 2015இல், முந்தைய சுற்றோடு ஒப்பிடும்போது வாசிப்பில் அப்பிழை ஏறத்தாழ 5 புள்ளிகள். ஒரு பகுதி மாணவர்களை மட்டுமே சோதிப்பதால் வரும் மாதிரியெடுப்பின் பிழையையும் சேர்த்தால், 10 புள்ளிகளுக்குக் குறைந்த மாற்றத்தை ஏற்றம் என்றோ வீழ்ச்சி என்றோ உறுதியாகச் சொல்ல வழியில்லை. அமைச்சர்கள் பதவி விலக வேண்டும் என்ற குரல்கள் இதைவிடச் சிறிய மாற்றங்களுக்கே எழுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

வயதை விடுத்து வகுப்பை அடிப்படையாகக் கொள்ளும் டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் தேர்விலும் இந்தக் கவனம் தேவை. நார்வே 2015இல் தன் முதன்மைக் குழுக்களை நான்காம், எட்டாம் வகுப்புகளிலிருந்து ஐந்தாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு மாற்றியது. அண்டை நாடுகளின் மாணவர்களோடு வயது ஒத்துவர அது உதவியது. ஆனால் அந்நாட்டின் 2011ஆம் ஆண்டு நான்காம் வகுப்புச் சராசரியை 2015ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்புச் சராசரியோடு ஒரே கோட்டில் இணைப்பவர், ஓராண்டு கூடுதலாகப் பயின்ற பிள்ளைகளைப் பார்த்து நாடு முன்னேறியதாக எழுதிவிடுவார்.