ஆறு வராத ஆற்றங்கரை

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்கு வடக்கே, கடலோரத்தில் ஆற்றங்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது, "ஆறு எங்கேங்க?"

அந்த ஆறு வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து, சுமார் 258 கிலோமீட்டர் கடந்து இங்கேதான் பாக் நீரிணையைச் சேர வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் வந்து சேர்வதில்லை. சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு கலக்க மாட்டேன் என்று வைகை வீம்பு பிடிப்பதாகப் பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. பெயருக்கும் ஒரு கதை: தாகம் தீராத குண்டோதரனிடம் சிவன் "வை கை" என்றாராம், ஆறு பெருகியதாம். ஆனால் பரிபாடலும் சிலப்பதிகாரமும் சொல்லும் பெயர் வையை. அதில் 'கை'யே இல்லை! பெயர் திரிந்த பிறகுதான் கதை வந்து ஒட்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, ஆறு ஏன் வருவதில்லை? மலையை விட்டு இறங்கியதும் சரிவு குறைகிறது, வேகம் போய்விடுகிறது. இழுத்து வந்த மணலை ஆறு வழியெல்லாம் இறக்கிவிடுகிறது. அந்த மணல் தண்ணீரை உறிஞ்சும். அது வயிறு நிறையக் குடித்த பிறகுதான் மேலே ஓட்டம். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையை விட்டால் பெரிய மழை கிடையாது. கோடையில் காய்ந்த ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு குழி, அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். தெளியும்வரை காத்திருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மொள்ள மொள்ள பக்கத்து மணலிலிருந்து மறுபடி கசியும். மேலே வறண்டாலும் ஆறு மணலுக்குள் இருக்கிறது.

மணல் விட்டுவைப்பதைக் கண்மாய்கள், அதாவது ஏரிகள், வாங்கிக்கொள்கின்றன. பார்த்திபனூர் மதகணையில் தண்ணீர் கால்வாய்களாகப் பிரிகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால், உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய். அதுவும் நிறைந்து வழிந்தால்தான் கடலுக்குப் பங்கு. வறண்ட சீமையில் ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று கட்டிய ஏற்பாடு இது. நம் முன்னோர் கணக்கில் கடல் கடைசி வரிசையில்தான்.

ஆனால் முகத்துவாரம் ஒருகாலத்தில் சும்மா கிடக்கவில்லை. ஆற்றங்கரையை ஒட்டிய அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1980களில் தோண்டத் தொடங்கியபோது, ரோமானியக் காசுகளும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. கடல் வணிகம் நடந்த துறை அது. இன்று அங்கே உப்புத் தண்ணீர்தான். பெரிய கண்மாய் மறுகால் பாயும் ஆண்டில் மட்டும் சில நாள் கரிப்புக் குறையும்.