ஷூர், சர்ட்டன், டெஃபனிட்: எல்லாமே நிச்சயம்தானா?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, புதுச்சேரியை ஒட்டிக் கரை கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் சொன்னது. புயல் வரும், அது சர்ட்டன். எந்தக் கரையில், எத்தனை மணிக்கு என்று குறித்துச் சொன்னால்தான் டெஃபனிட். கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகை மேட்டில் ஏற்றிக் கட்டிய ஒருவர் ‘இனி அலை எட்டாது’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் அது ஷூர். இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் நாம் தமிழில் ‘நிச்சயம்’ என்றே எழுதிவிடுகிறோம்.

ஷூரின் மூலம் செக்யூருஸ் என்ற லத்தீன் சொல். கவலையற்ற என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேளுங்கள், அங்கே ‘சூர்’ என்றால் உறுதி, பாதுகாப்பு இரண்டும்தான். ஆக, ஷூர் என்பது சொல்பவரின் மனநிலை. ‘இட் இஸ் சர்ட்டன் தட்’ என்று எழுதலாம். அதே இடத்தில் ஷூர் போட்டால் ஆங்கிலம் உறுத்தும். தமிழில் இதற்கு ‘உறுதி’ சரியாகப் பொருந்துகிறது.

சர்ட்டன் வந்த வழி வேறு. லத்தீனில் செர்னெரே என்றால் சலித்துப் பிரித்தல். சலித்த பிறகு மிஞ்சுவதுதான் சர்ட்டன். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்கிற 510ஆம் குறளிலும் ஆராய்ச்சி முதலில், தெளிவு அப்புறம். அந்தத் தெளிவுக்கு இலக்கணத்தார் வைத்த பெயர் தேற்றம். ‘தேற்றம் வினாவே’ என்றுதான் தொல்காப்பியம் ஏகாரத்தின் பொருள்களை எண்ணத் தொடங்குகிறது. பள்ளிக் கணக்கில் பித்தாகரசு தேற்றம் படித்த பிள்ளைக்கும் இந்தச் சொல் தெரியும். இத்தனை அருமையான சொல்லைக் கணக்குப் புத்தகத்திலேயே விட்டுவிட்டோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. சர்ட்டன்ட்டிக்கு ‘தேற்றம்’ என்று தயங்காமல் எழுதலாம்.

டெஃபனிட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் லத்தீன் ஃபீனிஸ் என்றால் எல்லை. ‘வரையறுத்த’ என்பதிலும் வரை இருக்கிறது. பேச்சில் திட்டவட்டம்.

மொழிபெயர்ப்பில் தடுக்கிவிடுவது ஷூர்லிதான். அகராதி ‘நிச்சயமாக’ என்று சொல்லும். ஆனால் ‘ஷூர்லி யூ ஹாவ் ஈட்டன்’ என்பவருக்கு நிச்சயம் கிடையாது. ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார். ‘நிச்சயமாகச் சாப்பிட்டீர்கள்’ என்றால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். ‘சாப்பிட்டிருப்பீங்களே’ என்று ஓர் ஏகாரம் போட்டால் போதும்.