அடிபட்டது வயிற்றில், வலித்தது தோளில்

அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி, தம்பிக்கு ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது. வெளியே சிராய்ப்புதான். ராத்திரி படுத்ததும் இடது தோள் வலிக்கிறது என்றான். டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்து, மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்று அட்மிட் செய்துவிட்டார். தோள் ஏன் வலித்தது?"

அந்த டாக்டருக்கு முதலில் ஒரு வணக்கம்.

மண்ணீரல் இடப்பக்கம் 9 முதல் 11 வரையிலான விலா எலும்புகளுக்கு உள்ளே, கைமுட்டி அளவில் இருக்கிறது. மெத்தென்ற உறுப்பு, உள்ளே முழுக்க ரத்தம். ஹேண்டில்பார் முனை இடித்தால் தோல் கிழியாமலே இது கிழியும். சரி, தோள் எங்கே வந்தது?

பதில் கருவறையில் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், கருவின் நான்காவது வாரத்தில் கழுத்துக்கு நேராகத்தான் உருவாகத் தொடங்குகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து அதற்கு நரம்பு வந்துவிடுகிறது. அப்புறம் உதரவிதானம் கீழே இறங்க, வாளியோடு கிணற்றுக்குள் போகும் கயிறு மாதிரி நரம்பும் கூடவே நீள்கிறது. தோளின் மேல்தோலுக்கும் அதே 3, 4ஆம் பகுதிகளிலிருந்துதான் உணர்ச்சி நரம்பு. கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடியை உறுத்தினால் சேதி கழுத்துக்குப் போகிறது; தோளிலிருந்தே சேதி வாங்கிப் பழகிய மூளை, இதையும் தோள் கணக்கில் எழுதிவிடுகிறது. படுத்தால் ரத்தம் உதரவிதானம் வரை ஓடும், அதனால்தான் ராத்திரி வலி. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹான்ஸ் கெர் பெயரில் இது 'கெர் அறிகுறி'. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பாடம்.

மல்லாந்து படுத்தால் மேல்வயிற்றில் ஆகப் பள்ளமான இடம், வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே. வயிற்றில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தால், மண்ணீரலிலிருந்து கசிந்து அங்கே தேங்கிய ரத்தம் கறுப்புக் கோடாகத் தெரியும். கசிவு கொஞ்சமென்றால் தெரியாமல் போகலாம், அதனால் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பிரஷர் நிலையாக இருந்தால் சிடி ஸ்கேன், பிறகு பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே கண்காணிப்பு. பிரஷர் இறங்கிக்கொண்டே போனால் உடனே ஆபரேஷன். மண்ணீரலையே எடுத்துவிட்டால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்குத் தடுப்பூசி அவசியம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். விழுந்த பிள்ளைக்கு வயிறு வலித்தால் 'குடல் ஏறிவிட்டது' என்று எண்ணெய் தடவித் தட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கிழிசலை அடைத்து நிற்கும் ரத்தக்கட்டியை அந்த நீவல் பெயர்த்துவிடலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் 2021-லிருந்தே இருக்கிறது.

தம்பி வீட்டுக்கு வந்ததும், டாக்டர் சொல்லும்வரை பைக் சாவியை நீங்களே வைத்திருங்கள். ஆறிவரும் மண்ணீரல் சில நாள் கழித்தும் கிழியும்.